4127 ஓடுகிறது

இரவு இரண்டு பத்துக்குக் கரண்டு போனது.
ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது நொடி.
யூபிஎஸ் பேட்டரி பழசு, இருபத்தைந்துதான் தாங்கியது.
மிச்சப் பதினைந்தில்
தோட்டப்பாளையம் ஆய்வகத்தின் சர்வர்
ஒருதரம் செத்துப் பிழைத்தது.

ஸ்கிரிப்டை ஓட்டினேன்.
'ஓடுகிறது' என்றது, பச்சையில்.
பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டேன்.

மூன்றரைக்குக் கவுண்டரிலிருந்து மெர்லின்:
"அக்கா, ரிசல்ட் வரல. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."
"இங்க ஓடுதுன்னு காட்டுதே."
"ஓடுதுன்னா எங்க ஓடுது?"

மறுபடி ஓட்டினேன். ஓடுகிறது.
இன்னொருதரம். ஓடுகிறது.
கேட்டதையே கேட்டால்
சொன்னதையேதானே சொல்லும்.

கீழே இறங்கிப் போனேன்.
மால்டாவிலிருந்து வந்தவர் ஒருவர்
மனைவியின் டோக்கனை இரு கையாலும் பிடித்தபடி
திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
இந்த ஊரில் ஆட்டோக்காரர்கள்கூட வங்காளம் பேசுவார்கள்,
எனக்கு வராது.
சுற்றும் வட்டத்துக்கு மொழி தேவைப்படவில்லை.

மேலே வந்து ஸ்கிரிப்டைத் திறந்தேன், முதல்முறையாக.
ஆறே வரி.
பேரணாம்பட்டு இம்தியாஸ்
தம்மாமுக்கு விமானம் ஏறுமுன் எழுதிவைத்தது.
மூன்று வருஷமாய் ஓட்டியிருக்கிறேன்,
படித்ததில்லை.

ஒரு கோப்பில் குறித்துவைத்த எண்ணை எடுக்கும்.
அந்த எண்ணில் உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும்.
யார் என்று கேட்காது.

கோப்பில் 4127.
4127இல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது
பிரிண்டர் வரிசை.
கரண்டு திரும்பியதும் எழுந்தவற்றில்
அந்த எண் அதற்கு வாய்த்துவிட்டது.
ஆய்வக மென்பொருள் எழவேயில்லை.

எதிர் லாட்ஜிலும் இப்படித்தான்.
பன்னிரண்டாம் அறையில் ஆள் இருக்கிறாரா என்றால்
ஆணியைப் பார்ப்பான் பையன்.
சாவி இல்லை, இருக்கிறார்.
போன வாரத்து மனிதர்
ரயிலில் போனாரோ ஆம்புலன்ஸில் போனாரோ.
உள்ளே இருமுவது வேறொருவர்.

ஊரைப் பற்றியும் ஒரு பழைய கோப்பு உண்டு:
நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
தெய்வமில்லாக் கோயில்.
சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி
கோட்டைக்குள் உட்கார்ந்தது
நான் பிறப்பதற்கும் முன்னால்.
பாலாறு ஒரு கார்த்திகையில் பொங்கி
விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தின் மேலேயே போனது.
சொலவடையை யாரும் அழித்து எழுதவில்லை.
இம்தியாஸை மட்டும் குறை சொல்லி என்ன.

பழைய எண்ணை அழித்தேன்.
மென்பொருளைக் கையால் எழுப்பினேன்.
உள்ளே போய் யார் என்றும் பார்த்துக்கொண்டேன்.
"வந்திடுச்சுக்கா!"

மால்டாக்காரர் கைக்குத் தாள் வந்தது.
நான் படியில் நின்றிருந்தேன்.
கழுத்தில் அட்டை தொங்குவதைப் பார்த்து
டாக்டர் என்று நினைத்தாரோ என்னவோ,
கிட்டே வந்து
தடித்த எழுத்தில் இருந்த ஓர் எண்ணில் விரலை வைத்து
என் முகத்தைப் பார்த்தார்.
நல்லதா, கெட்டதா.
அந்த எண் அவர் கைக்கு வந்துசேர்ந்தது,
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
மெர்லினைக் காட்டினேன்.
மெர்லின் எட்டு மணி டாக்டரைக் காட்டினாள்.

விடிவதற்குள் ஸ்கிரிப்டை மாற்றி எழுதிவிட்டேன்.
இப்போது அது எண்ணைத் தேடுவதில்லை.
ஐந்து நிமிஷத்துக்கொருமுறை
'டெஸ்ட் முனியம்மா, வயது 34' என்கிற
பிறக்காத ஒருத்தியின் ஹீமோகுளோபினைக் கேட்கும்.
10.8 என்று பதில் வந்தால் ஓடுகிறது.
வராவிட்டால் என் போன் அலறும்,
காட்பாடி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

மெர்லின் எட்டிப் பார்த்தாள்.
"யாருக்கா இந்த அம்மா?
ரத்தம் கம்மியா இருக்கே.
முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லு."